நாலு விரல் தடம்

6 ஜனவரி 1981, செவ்வாய்

மதகடிப்பட்டுச் சந்தையில் இன்று என் சாட்டையைச் சொடுக்கிக் காட்டினேன். சத்தம் கேட்டு ஒரு காளை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் எட்டுக் காளைகள் ஓடின. சரி, மூன்று. காளைக்காரன் என் சட்டையைப் பிடித்தான். விட்டேன் ஒரு அறை. அவன் தலைப்பாகை பறந்துபோய்க் கருவாட்டுக் கூடையில் விழுந்தது. அவனும் ஒன்று விட்டான். அதை எழுத வேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் வில்லியனூர் திரும்பி, என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரன் ஷேக் மைதீன் கன்னத்தை உற்றுப் பார்த்தான். "இன்னா மாமா, வீங்கிக்கினு இருக்குது? அத்தை கைவரிசையா?" பஜாரே சிரித்தது. பஜாருக்கே நான் மாமா. அறுபத்திரண்டு வயதில் கயிறும் மூக்கணாங்கயிறும் சாட்டையும் விற்கிற சிங்காரவேலுவைப் பார்த்துச் சிரிப்பதா?

"என்மேல கை வெக்கிற பொம்பளை இன்னும் பொறக்கலடா. காலைல சோறு லேட்டு. சாட்டையாலயே ரெண்டு இழுத்துட்டுத்தான் கடையைத் தொறந்தேன்" என்றேன். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். கவர்னர் வந்தால்கூட அப்படி மூட மாட்டார்கள்.

இங்கே எழுதிவைக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து பவுனம்மாளை நான் ஒரு விரலால்கூட அடித்ததில்லை. வெளியே சொல்ல முடியுமா? சாட்டை விற்கிறவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் உப்பு வறுத்துக் கன்னத்துக்கு ஒற்றடம் கொடுத்தாள். "எவன்கிட்டயா வாங்கினு வந்த?" ஒற்றடம் கொடுக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. விரல் மூட்டெல்லாம் வலியாம். சோற்று வாசனையே பிடிக்கவில்லையாம். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

19 ஜனவரி, திங்கள்

பவுனுக்குக் கண் மஞ்சள். காமாலை. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம். எனக்கும் அதே சோற்றைப் போடுகிறாள். காமாலை அவளுக்கு, பத்தியம் எனக்கா?

1 பிப்ரவரி, ஞாயிறு

மஞ்சள் இறங்கவில்லை. திருவாண்டார்கோயில் பக்கம் காமாலைக்குச் சூடு போடுகிற கிழவர் ஒருவர் இருக்கிறார். ஷேக் மைதீன் துணைக்கு வந்தான். பவுனின் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன், இரும்பு மாதிரி. கிழவர் கம்பியைத் தணலிலிருந்து எடுத்து முழங்கைக்குக் கீழே வைத்தார். புஸ்ஸென்றது. கறி வாசனை. அவள் பல்லைக் கடித்தாள், கத்தவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வெயில் அதிகமாகப்பட்டதால் கொஞ்சம் கீழே உட்கார்ந்தேன். மயங்கி விழுந்ததாக ஷேக் மைதீன் சொல்லித் திரிகிறான். தண்ணீர் தெளித்தது உண்மை. வெயிலுக்கு யாரும் தண்ணீர் தெளித்துக்கொள்வதில்லையா?

12 பிப்ரவரி, வியாழன்

கிணற்றடியில் தலை சுற்றுகிறது என்றாள். விழப் போனவளைப் புஜத்தில் பிடித்து நிறுத்தினேன். அது நேற்று. இன்று காலை பார்த்தால் அந்தப் புஜத்தில் நீலமாக ஐந்து விரல். என் விரல்.

அவ்வளவு அழுத்தியா பிடித்தேன்? பூ மாதிரிதான் பிடித்தேன். என் கை வலு அப்படி. காளையை முளையோடு நிறுத்திய கை ஆயிற்றே.

ஆனால் தொடையிலும் நீலம் இருக்கிறது. முதுகிலும். அங்கெல்லாம் நான் பிடிக்கவில்லையே?

சூடு போட்ட புண் இன்னும் ஆறவில்லை. தொட்டால் ரத்தம்.

15 பிப்ரவரி

பல் விளக்கினால் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது. கீழாநெல்லியை நிறுத்தவா, கூட்டவா? யாரைக் கேட்பது?

1 மார்ச், ஞாயிறு

பவுனு பாகூருக்குப் போனாள். அவள் தம்பி முத்துசாமியின் பேரனுக்குக் காதுகுத்து. என்னைக் கடைசியில்தான் அழைத்தார்கள், ஆகையால் நான் போகவில்லை. மானமுள்ளவன்.

பஸ் ஏறும்போது, "சோத்துல கல்லு இருந்தா பொறுக்கித் துன்னு. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத" என்றாள். முகம் மஞ்சள் துணி மாதிரி இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது.

9 மார்ச்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். வலது தோள் எலும்பு விரிந்திருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். முன்பல் ஒன்று இல்லை.

புதன்கிழமை காலை. கடையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். முத்துசாமியும் அவன் தம்பி மாரிமுத்துவும் வந்து நின்றார்கள். ரெண்டு பேரும் கரும்பு வெட்டி வளர்ந்த ஆட்கள். முத்துசாமியின் வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. கரும்பு ஆலையில் போய்விட்டது. மிச்ச விரல்களே போதும் அவனுக்கு.

"வூட்டுப் பொம்பளைங்க அக்காவுக்குத் தண்ணி ஊத்தும்போது பார்த்தாங்க. உடம்பு பூரா நீலம். கையில சூடு வேற. யாரு அடிச்சாங்கன்னு கேட்டா, 'யாரும் அடிக்கல, தானா வந்துது'ன்றா. அடி வாங்கினவ எவ மாமா நெசத்தைச் சொல்லியிருக்கா?" குரலை உயர்த்தவே இல்லை முத்துசாமி. "நீ சாட்டையால அடிக்கிறேன்னு இந்த பஜாரே சொல்லுது. அடிச்சியா இல்லியா? ஒரே வார்த்தை."

டீக்கடையைப் பார்த்தேன். அத்தனை பேர் கையிலும் கிளாஸ், ஒருவரும் குடிக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் இத்தனை வருஷமாக நான் பேசியதெல்லாம்? வாய் முந்திக்கொண்டது.

"ஆமா, அடிச்சேன். என் பொண்டாட்டி. நீ யார்ரா கேக்க?"

முத்துசாமி கொக்கியிலிருந்து புதுச் சாட்டையை எடுத்தான். நானே பின்னிய சாட்டை, எண்ணெய் ஊறிய தோல். மூன்றாவது வீச்சில் சட்டை கிழிந்தது, அடுத்ததில் முதுகு. சிங்காரவேலு சரக்கு நல்ல சரக்கு என்று ஊருக்கே காட்டினார்கள். மாரிமுத்து தடியால் தோளில் போட்டான். மட்டை முறிகிற சத்தம் கேட்டது, என் எலும்பு. பிறகு வாயில் முட்டியால் ஒன்று. அதற்கு முன் நானும் மாரிமுத்துவை உதைத்தேன். பட்டதா தெரியவில்லை. பட்டிருக்கும்.

ஷேக் மைதீன் கொதிக்கிற பால் கரண்டியோடு உள்ளே பாய்ந்தான். "சாவடிச்சிடாதீங்கடா, வயசான மனுசன்!"

"யார்ரா வயசானவன்?" என்று கீழே கிடந்தபடியே கேட்டேன்.

போகும்போது சாட்டையை எடுத்துக்கொண்டே போனார்கள். "அக்கா இனிமே அங்கதான். பாகூர் எல்லையில உன்னைப் பார்த்தேன், கழுத்து இருக்காது" என்றான் முத்துசாமி.

14 மார்ச்

ஷேக் மைதீன் பெண்டாட்டி தாஜ் நிஷா கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். அவன் ஊட்டிவிடுகிறான். வெட்கக்கேடு.

"மாமா, நெசமா அடிச்சியா?"

"இல்லடா."

"தெரியும். அடிக்கிறவன் எவன் அதைச் சொல்லிக்கினு திரிவான்?"

"தெரிஞ்சே ஏன்டா தினம் கேட்டுச் சிரிச்ச?"

"நீ சொல்றது நல்லா இருக்கும் மாமா."

அம்மிக்கல் அப்படியே கிடக்கிறது. அவளுடைய சேலை கொடியில் காய்ந்து விறைத்துவிட்டது. எடுக்க ஒரு கை போதாது.

25 மார்ச், புதன்

ஷேக் மைதீன் பாகூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நான் அனுப்பவில்லை. சரி, நான்தான் அனுப்பினேன்.

அங்கேயும் அவள் உடம்பில் புதிது புதிதாக நீலம் வருகிறதாம். நான்தான் திருட்டுத்தனமாக வந்து அடிக்கிறேன் என்று மாரிமுத்து அரிவாளோடு வாசலில் படுத்தானாம். என் வீரத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. அப்படியும் காலையில் இடுப்பில் ஒரு கை அகலத்துக்கு நீலம். இப்போது பேயடி என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூப்பிட்டு அடித்து ஓட்டப் போகிறார்களாம்.

"எதாலடா அடிப்பாங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் சாட்டைதான் மாமா. வூட்டுல அதுதான் இருக்குது."

தொட்டாலே நீலம் போடுகிற உடம்பு. அதில் என் சாட்டையா? ஒரு வீச்சு தாங்குவாளா அவள்?

29 மார்ச், ஞாயிறு

பாண்டி பெரிய ஆஸ்பத்திரி வராந்தா. பவுனு உள்ளே இருக்கிறாள். உயிர் இருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சமும் கூட்டாமல்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பாண்டி வந்து, பாகூர் பஸ் பிடித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோள் எலும்பு என்னைத் திட்டியது. முத்துசாமியின் பம்புசெட்டுக்கு முன்னால் கூட்டம். உடுக்கைச் சத்தம். நடுவில் பவுனு, தலையை விரித்துவிட்டு, கன்னமெல்லாம் ஒட்டி, வயிறு பானை மாதிரி. "சொல்லு, யாரு நீ? எந்த ஊரு?" என்று பூசாரி கத்துகிறான்.

"பவுனம்மா. வில்லியனூரு" என்கிறாள்.

நான் வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு கையால் வேலியைத் தாண்டுவது எப்படி? கால் முள்ளில் மாட்டிக்கொண்டது. அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. அவள் தோளில். ஐயோ, பட்ட இடத்துல தோலு பிளந்துகிச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. தண்ணி மாதிரி ஓடுது. எருமைத் தோலையும் தாங்கணும்னு முறுக்கி முறுக்கிப் பின்னினேனே, அதுவா அவ மேல...

பாய்ந்து அவள்மேல் கவிழ்ந்தேன். அடுத்த நாலைந்து அடி எனக்கு. பூசாரி நிறுத்தவில்லை, பேய் என்னிடம் தாவிவிட்டதாக நினைத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். முன்பல் இல்லாமல் கடிப்பது சுலபமில்லை, இருந்தாலும் கடித்தேன். சாட்டை கீழே விழுந்தது. மாரிமுத்து என் முடியைப் பிடித்து இழுத்தான். முறிந்த தோளின்மேல் யாரோ காலை வைத்தார்கள். கண் இருட்டியது.

"நான் அவளை அடிச்சதே இல்லடா! ஒரு நாளும் இல்ல! பஜார்ல சொன்னது பூரா பொய்டா! பொய்!" என்று கத்தினேன். ஊர் முன்னால். அத்தனை பேர் முன்னால்.

சிரித்தார்கள். "அடி வுழுந்ததும் பேச்ச மாத்துறாம்பா" என்றான் மாரிமுத்து.

பவுனு தலையைத் தூக்கினாள். வாயில் ரத்தம். "டேய் முத்து, அந்தாளு வாயத் தொறந்தா பொய்யி. ஆனா அடிக்க மாட்டான்டா. வூட்டுல கொசுவைக்கூட ஊதித்தான் வெரட்டுவான். எத்தினி வாட்டி சொன்னேன், கேட்டீங்களாடா?"

முத்துசாமி கொஞ்சம் தயங்கினான். அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், நீயே அக்காவைத் தூக்கி உள்ள படுக்க வை. வேற யாரும் தொடக்கூடாது. அடிபடாத அந்தப் பக்கத்துப் புஜத்தைப் பிடி. கொழந்தையைப் புடிக்கிற மாதிரி புடி. காலைல பாரு. உன் கைத்தடம் அங்க இல்லன்னா இந்தச் சாட்டையாலயே என்னைத் தொங்கவுடு."

என்னைப் பம்புசெட்டுக்குள் தள்ளிப் பூட்டினார்கள். மோட்டார் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கிடந்தேன். பந்தயத்தில் தோற்றால் தொங்குவேன், ஜெயித்தால் அவளுக்குப் பெரிய வியாதி. எதற்கு வேண்டிக்கொள்வது?

விடிந்ததும் பூட்டைத் திறந்தவன் முத்துசாமி. கையை மட்டும் நீட்டிக் காட்டினான், ஆள்காட்டி விரல் இல்லாத வலது கையை. உள்ளே போய்ப் பார்த்தேன். பவுனின் புஜத்தில் நீலமாகக் கட்டைவிரல் ஒரு பக்கம், அந்தப் பக்கம் மூன்று விரல். நடுவில் ஆள்காட்டி விரல் இருக்கவேண்டிய இடம் காலி. பாகூரிலேயே அப்படி ஒரு கை ஒன்றுதான்.

"மெதுவாத்தான் மாமா புடிச்சேன். சத்தியமா மெதுவாத்தான் புடிச்சேன்" என்றான். அந்தக் கையை நிலைக்கதவில் ஓங்கி ஓங்கி அடித்தான். ரத்தம் வந்தது. மாரிமுத்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத்தான் நிறுத்தினான்.

அப்புறம் கார் பிடித்து இங்கே வந்தோம்.

6 ஏப்ரல், திங்கள்

ரத்தம் உறைவதற்கு ஊசி போடுகிறார்கள். ரத்தமும் ஏற்றுகிறார்கள். முத்துசாமி கொடுத்தான். என்னுடையது சேரவில்லையாம். வயதானவன் ரத்தம் வேண்டாம் என்று டாக்டர் நினைத்திருப்பார், மரியாதைக்குச் சேரவில்லை என்கிறார்.

சின்ன வயசு டாக்டர். முதல் கேள்வியே, "குடிப்பாங்களா?" பாண்டிச்சேரியில் ஈரல் கெட்டால் அதுதான் கேள்வி.

பவுனு கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "நான் எங்க குடிச்சேன்? இந்தாளு கதையைக் கேட்டே ஈரல் வெந்துபோச்சு."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

11 ஏப்ரல்

ரத்த வாந்தி. ஒரு பேசின். இன்னும் ஒரு பேசின். முடியல பவுனு, என்னால பாக்க முடியல.

12 ஏப்ரல்

இருக்கிறாள்.

22 ஏப்ரல், புதன்

ரத்தம் உறைய ஆரம்பித்த பிறகு, விலாவில் நீள ஊசி குத்தி ஈரலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி ஒரு முழம் இருக்கும். சரி, ஒரு சாண்.

டாக்டர் என்னையும் மச்சான்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தொற்றிக்கொள்கிற காமாலை இல்லை. குடி இல்லை. பேய் இல்லை. உடம்புக்குள்ளே கிருமியை அடிக்கக் காவல் இருக்கிறதாம். அந்தக் காவலே ஆள் தெரியாமல் ஈரலைப் பகையாளி என்று நினைத்து நாள்கணக்கில் அடிக்கிறதாம். அடி வாங்கிய ஈரல் காய்த்துப் போகும், ரத்தத்தை உறையவைக்கிற சத்தைச் செய்யாது. அதனால்தான் தொட்ட இடமெல்லாம் நீலம். பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். வயதானவர்களுக்கு வந்தால் அசதி, மூட்டுவலி எல்லாம் வயசுக்கோளாறு என்று விட்டுவிடுவார்கள், முற்றியபிறகுதான் தெரியும் என்றார்.

"ஏன் சார் சொந்த ஈரலையே அடிக்குது?" என்று மாரிமுத்து கேட்டான்.

"தெரியாது. காப்பாத்துறோம்னு நினைச்சு அடிக்குது" என்றார் டாக்டர்.

முத்துசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

அந்தக் காவலை அடக்க மாத்திரை உண்டாம். காய்த்த இடம் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தினால் மறுபடி அடி ஆரம்பிக்கும். இனிமேல் சூடு கிடையாது, பச்சிலை கிடையாது.

"நிறுத்தவுட மாட்டேன். என் கையை மீறி ஒண்ணும் நடக்காது சார்" என்றேன்.

"ஆமா, ரொம்ப" என்றாள் பவுனு. குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

14 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கண் வெள்ளையாக இருக்கிறது. முகம் மட்டும் மாத்திரையால் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. அகோரப் பசி. என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறாள்.

முத்துசாமி வெல்லமும் அந்தச் சாட்டையும் கொண்டுவந்தான். என் காலைத் தொட வந்தான், தள்ளிவிட்டேன். ஒரு தோள்தானே வேலை செய்கிறது, அதனால் அவன் விழவில்லை. இன்னும் அக்காவைத் தொட அவனுக்குப் பயம். தண்ணீர்ச் செம்பை எட்ட நின்று தரையில் வைக்கிறான். "சாட்டையைக் கொளுத்திடு மாமா" என்றான். நல்ல தோலை எவன் கொளுத்துவான்? பின்னலைப் பிரித்து எங்கள் வீட்டு மாட்டுக்குத் தலைக்கயிறாகக் கட்டிவிட்டேன்.

பஜாரில் என் மதிப்பு போய்விட்டது. பெண்டாட்டியை அடிக்காதவன் என்று தெரிந்துபோயிற்று. போகட்டும்.

18 அக்டோபர், ஞாயிறு

இன்று காலை பவுனு மாத்திரை வேண்டாம் என்றாள். முகம் இப்படி ஊதினால் தீபாவளிக்கு யார் முன்னால் நிற்பது என்று கேட்டாள். வாயைத் திற என்று நான் தாடையைப் பிடிக்கப் போனேன். அந்த மாத்திரை அவளுக்குக் கோபத்தையும் கொடுக்கிறது. குழம்புக் கரண்டியால் என் முழங்கைக்குக் கீழே ஒன்று போட்டாள். எலும்பில் டங்கென்றது. சத்தியமாக வலித்தது. அப்புறம் அவளே பயந்துபோய் மாத்திரையை விழுங்கிவிட்டு உப்பு வறுக்கப் போனாள்.

அவள் புஜத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாரா வாரம் பார்க்கிறேன். சூட்டுத் தழும்பும் தோளில் சாட்டைத் தழும்பும் உண்டு. நீலம் இல்லை. சும்மா ஒரு விரலால் அழுத்தியும் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் என் கையில் முட்டை அளவுக்கு நீலம். முழுக்கைச் சட்டை போடாமல் டீக்கடைக்குப் போனேன்.

"இன்னா மாமா இது, யாரு அடிச்சாங்க?" என்றான் ஷேக் மைதீன்.

"என் பொண்டாட்டி. கரண்டியால. ஒரே அடி" என்றேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

பஜாரே சிரித்தது. "அளக்கிறாரு பாரு! அத்தைக்கு ஏது அவ்ளோ தெம்பு?"

ஒருத்தரும் நம்பவில்லை. கையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன், அப்போதும் நம்பவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.